யுபிஐ அப்படி வரவில்லை: எங்கள் கடன் சங்க இயக்குநர்களுக்குத் திறந்த மடல்

தாராவித் தமிழர்களின் அன்றாடக் காசில் வளர்ந்த நம் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், இயக்குநர் குழு உறுப்பினர்களுக்கும்,

இம்மாதம் 9ஆம் தேதி சங்க அலுவலகக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தீர்கள். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அன்றாடச் சேமிப்பும் கடன் தவணையும் சங்கத்தின் புதிய செயலி வழியாக மட்டுமே பெறப்படும், வீடு தேடி வரும் வசூல்காரர்கள் நிறுத்தப்படுவார்கள், பாஸ்புக்கில் இனிப் பதிவு எழுதப்படாது, தவணை தவறினால் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் அபராதம் என்று அதில் நான்கு வரிகள் இருந்தன. நான்கும் ஆங்கிலத்திலும் மராத்தியிலும் இருந்தன. உறுப்பினர்களில் பெரும்பாலோர் எழுத்துக் கூட்டியாவது படிக்கக்கூடிய தமிழில் ஒரு சொல்லும் இல்லை.

நான் 1989 முதல் இச்சங்கத்தின் உறுப்பினர். முப்பத்தோர் ஆண்டுகள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். இயக்குநர்களாகிய உங்களில் மூவர் என் வகுப்பில் அமர்ந்து படித்தவர்கள். ஆயினும் இம்மடலில் ஓர் உறுப்பினர் தம் இயக்குநர்களிடம் பேசும் முறையிலேயே பேசுகிறேன். செயலியின் சோதனை ஓட்டத்திற்காக இரண்டு மாதங்களுக்கு முன் நீங்கள் தேர்ந்தெடுத்த இரண்டு சந்துகளில் எங்கள் சந்தும் ஒன்று. அந்த இரண்டு மாதங்களும் மாலை நேரங்களில் என் வீட்டுத் திண்ணை ஒரு பயிற்சி வகுப்பாகவே இருந்தது. ஆகவே கேள்விப்பட்டதை நான் எழுதவில்லை.

சென்ற ஞாயிறன்று நடந்த விளக்கக் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லத் தொடங்கியபோது, இயக்குநர் ஒருவர் எழுந்து, "ஆரம்பத்தில் எல்லாரும் முணுமுணுக்கத்தான் செய்வார்கள் டீச்சர், பிறகு பழகிவிடும். யுபிஐ அப்படித்தானே வந்தது?" என்றார். பலர் தலையாட்டினார்கள். நான் வாய் திறப்பதற்குள் நேரமாகிவிட்டது என்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். அன்று சொல்ல முடியாமற்போன பதில்தான் இந்த மடல். யுபிஐ அப்படி வரவில்லை. அது எப்படி வந்தது என்பதை எங்கள் சந்தில் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் யுபிஐயை அறிமுகப்படுத்தியது 2016 ஏப்ரலில். அடுத்த ஏழாவது மாதம், நவம்பர் 8ஆம் தேதி இரவு, ஐந்நூறு ரூபாய்த் தாளும் ஆயிரம் ரூபாய்த் தாளும் செல்லாது என்று ஆயின. ஒரு புதிய பழக்கத்தை ஏற்கும்படி மக்களைத் தள்ளுவதற்கு அதைவிடப் பெரிய கட்டாயத்தை எந்த இயக்குநர் குழுவாலும் உண்டாக்க முடியாது. நாட்டின் வேறு பகுதிகளில் அது பலரைத் தள்ளியிருக்கலாம். எங்கள் சந்தில் ஒருவரைக்கூட அது யுபிஐக்குக் கொண்டுவரவில்லை. மளிகைக் கடையில் கணக்கு எழுதி வாங்கினோம், ஏடிஎம் வாசலில் விடியுமுன் போய் நின்றோம், இட்லி விற்பவர்கள் "நாளைக்குத் தாருங்கள்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். புதிய தாள்கள் கைக்கு வந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

பிறகு வந்தது எப்படியென்றால், 2019இல் என் பழைய மாணவர் ஒருவர் சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு பாந்த்ரா-குர்லா வளாகப் பக்கம் அலுவலகம் போகிறவர்களுக்கு விற்றுவந்தார். அங்கே காலையில் வந்து நிற்கும் இளைஞர்களிடம் கைப்பேசி இருந்தது, சில்லறை இல்லை. இரண்டு தட்டுக்கு ஐந்நூறு ரூபாயை நீட்டினால் அவரால் மீதி தர இயலாது; அவர்கள் சாப்பிடாமல் போய்விடுவார்கள். அந்த நட்டம் பொறுக்காமல்தான் அவர் ஒரு கியூஆர் அட்டையை வாங்கிச் சைக்கிள் கைப்பிடியில் கட்டினார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் பணயம் வைத்தது ஒரு தட்டு இட்லியின் விலையைத்தான். முதல் மாதம் முழுவதும் மாலையில் வங்கிக்கு நடந்துபோய்ப் பாஸ்புக்கை அச்சிட்டு, அன்றைய இட்லிக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவருடைய அண்ணனோ, கண்ணில் படாத காசு காசே இல்லை என்று சொல்லி, பக்கத்திலேயே ரொக்கத்திற்கு மட்டும் விற்றுக்கொண்டிருந்தார்.

அண்ணனின் சந்தேகம் வீண் சந்தேகமும் அன்று. பணம் அனுப்பியதாகக் கைப்பேசியில் பழைய ஸ்கிரீன்ஷாட் ஒன்றைக் காட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். சட்டினி பட்ட கையோடு, வரிசை நிற்கும்போது, கைப்பேசியை எடுத்துச் செய்தி வந்திருக்கிறதா என்று யாரால் பார்க்க முடியும்? அந்தச் சிக்கலைத் தீர்த்தது சவுண்ட் பாக்ஸ். இத்தனை ரூபாய் வந்தது என்று அது உரக்கச் சொன்னதும், விற்பவர் மட்டுமல்ல, சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். கண்ணில் படாத காசு காதில் விழுந்தது. அண்ணன் அடுத்த மாதமே அட்டை வாங்கினார். 2020 ஜனவரியிலிருந்து வணிகர்களிடம் யுபிஐக்குக் கட்டணம் பிடிப்பதில்லை என்று அரசு சொன்னதும், அதே ஆண்டு கொரோனாவுக்குப் பயந்து தாளைத் தொட மக்கள் தயங்கியதும் இதோடு சேர்ந்துகொண்டன. 2023 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிவர்த்தனைகளை யுபிஐ தாண்டியது என்று செய்தி வந்தபோது, எங்கள் சந்தில் இட்லி விற்கும் பதினாறு பேரில் பதினான்கு பேரிடம் அட்டை இருந்தது. இருவரிடம் இன்றும் இல்லை. அவர்களை யாரும் அபராதம் கட்டச் சொல்லவில்லை. பதினான்கு பேரும் கல்லாப்பெட்டியை மூடிவிடவும் இல்லை.

நம் ஊரில் இட்லி மாவே இப்படித்தான் இயந்திரத்திற்குப் போனது. கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955இல் கிரைண்டரை உருவாக்கினார். எங்கள் சந்துக்கு அது வர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. என் அத்தை வீட்டில்தான் முதலில் வாங்கினார்கள். என் அம்மா உடனே நம்பிவிடவில்லை. ஒரு படி உளுந்தை அத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி அரைத்து வாங்கி, தன் ஆட்டுக்கல்லில் அரைத்த மாவோடு பக்கத்தில் வைத்து, மறுநாள் விடியற்காலை இரண்டிலும் இட்லி ஊற்றிப் பார்த்தார். "மாவு பொங்கியது போதாது" என்று தீர்ப்புச் சொன்னார். நான்கு மாதம் கழித்து மறுபடியும் சோதித்தார், பிறகு வாங்கினார். வாங்கிய பிறகும் ஆட்டுக்கல் இரண்டு ஆண்டுகள் மூலையிலேயே கிடந்தது. மின்சாரம் போன நாட்களில் அதுதான் தொழிலைக் காப்பாற்றியது. கிரைண்டர் விற்க வந்தவர் ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு போய்விட்டுத்தான் இயந்திரத்தை வைப்பேன் என்று சொல்லியிருந்தால் அம்மா அவரை வாசற்படி ஏற விட்டிருக்கமாட்டார்.

கல்லூரியில் சமூகவியல் படிக்கும் என் பேத்தி இதைக் கேட்டுவிட்டு, இது அவள் பாடத்திலேயே இருக்கிறது என்றாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் புதிய கலப்பின மக்காச்சோள விதை 1928இல் விற்பனைக்கு வந்தது. அதை உழவர்கள் எப்படி ஏற்றார்கள் என்று ரயன், கிராஸ் என்ற இரு ஆய்வாளர்கள் விசாரித்து 1943இல் வெளியிட்டார்கள். விதையைப் பற்றிப் பெரும்பாலோர் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளர் வாயிலாக. ஆனால் விதைக்கத் துணிந்தது பக்கத்து வயலைப் பார்த்து. துணிந்தவர்களும் முதல் ஆண்டே முழு நிலத்தில் விதைத்துவிடவில்லை, ஒரு மூலையில் விதைத்துப் பார்த்தார்கள். இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து எவரெட் ரோஜர்ஸ் 1962இல் ஒரு புதுமை வேகமாகப் பரவுவதற்கான ஐந்து பண்புகளைச் சொன்னாராம்: பழையதைவிட மேலான பயன், ஏற்கெனவே உள்ள வாழ்க்கையோடு பொருத்தம், எளிமை, சிறிய அளவில் சோதித்துப் பார்க்கும் வசதி, பிறர் கண்ணில் படும் விளைவு. என் அம்மா எந்தப் பல்கலைக்கழகத்திற்கும் போகாமல் ஐந்தையும் ஒரு படி உளுந்தில் முடித்துவிட்டார் என்றேன். பேத்தி சிரித்தாள்.

நாள் குறித்துக் கட்டாயப்படுத்தியவை எப்படிப் போயின என்பதையும் இதே மும்பையில் பார்த்திருக்கிறோம். கட்டணச் சேனல் பார்க்க செட்-டாப் பெட்டி வைத்தே ஆகவேண்டும் என்ற திட்டம் 2003இல் நான்கு பெருநகரங்களுக்கும் வந்தது. சென்னையில் மட்டும் அவ்வாண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்கும் பெட்டி வாங்காமல் கட்டணமில்லாத சேனல்களோடு நிறுத்திக்கொண்ட வீடுகள் ஏராளம். மும்பையில் தள்ளிவைத்து, 2007இல் தென்பகுதிக்கு மட்டும் கொண்டுவந்து, முழு நகரத்திற்கும் கெடு விதித்தது 2012 அக்டோபரில்தான். அது தொலைக்காட்சி, பார்க்காமல் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. நீங்கள் கெடு விதித்திருப்பது சேமிப்புக்கு.

இனிச் சோதனை ஓட்டத்தில் நடந்தவற்றைச் சொல்கிறேன். முதலில், எனக்கு இரவுத் தூக்கத்தைக் கெடுத்த ஒன்று.

எங்கள் சந்தில் ஒரு பெண்மணி. அவர் பெயரையும் தொழிலையும் எழுதமாட்டேன். பதினோரு ஆண்டுகளாக நாள்தோறும் ஐம்பது ரூபாய் கட்டிவருபவர். வசூல்காரர் காலை பதினொன்றுக்கு வருவார். அந்நேரம் கணவர் வீட்டில் இருக்கமாட்டார் என்பதால்தான் பதினொரு மணி. பாஸ்புக் அரிசி டிரம்மின் அடியில் இருக்கும். அந்தச் சேமிப்பிலிருந்துதான் மூத்த மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டினார், இளையவளுக்குச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் இருப்பது பொத்தான் கைப்பேசி. உங்கள் செயலிக்குத் திறன்பேசி வேண்டும், வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று, அது கணவருடையது. சோதனை ஓட்டத்தின் முதல் வாரத்தில் சங்க ஊழியர் ஒருவர் வந்து அந்த எண்ணிலேயே கணக்கை இணைத்துவிட்டுப் போனார். மறுநாள் ஐம்பது ரூபாய் செலுத்தியதும், மொத்த இருப்பு 23,450 ரூபாய் என்ற குறுஞ்செய்தி கணவர் கைக்குப் போனது. அந்த வாரத்திற்குள் 15,000 ரூபாய் எடுக்கப்பட்டுவிட்டது. ஓடிபி வந்ததும் அதே கைப்பேசிக்குத்தான். உங்கள் செயலியின் கணக்கில், கைப்பேசி யார் கையில் இருக்கிறதோ அவரே உறுப்பினர்.

நான் அலுவலகத்திற்கு வந்து முறையிட்டபோது, ஓடிபி சரியாகப் பதிவாகியிருக்கிறது, ஆகவே சங்கத்தின் மீது தவறில்லை என்று பதில் சொன்னார்கள். கணினியைப் பொறுத்தவரை அது உண்மையாகவும் இருக்கலாம். வசூல்காரர் பதினோரு ஆண்டுகள் காத்துவந்த ஓர் இரகசியத்தை அந்தக் கணினி ஒரே நாளில் போட்டுடைத்தது என்பதும் உண்மை. வீட்டுக்குள் சேமிப்பது யார், செலவழிப்பது யார், யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக்கூடாது என்பதெல்லாம் வசூல்காரருக்குத் தெரிந்திருந்தது. செயலியை வடிவமைத்தவர்கள் அதை யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி. கடன் தவணை கட்டிய வேறொரு பெண்ணுக்கு வங்கிக் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, சங்கக் கணக்கில் வந்து சேரவில்லை. செயலியில் 'நிலுவையில்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் மட்டும் நின்றது. உதவி எண்ணை அழைத்தால் இந்தியில் பதிவுசெய்த குரல் ஒன்று எண்களை அழுத்தச் சொல்லி, கடைசியில் தானே துண்டித்துக்கொள்ளும். நானே ஏழு முறை அழைத்தேன். பதினொரு நாட்கள் கழித்துப் பணம் சேர்ந்தது. அதற்குள் 110 ரூபாய் அபராதம் ஏறிவிட்டது, ஜாமீன்தாரருக்குக் கடிதமும் போய்விட்டது. ஜாமீன்தாரர் அவருடைய சம்பந்தி. அபராதம் இன்றுவரை திருப்பித் தரப்படவில்லை; சம்பந்தி வீட்டில் தாழ்ந்த தலையைத் திருப்பித் தர உங்களாலும் இயலாது. பழைய முறையில் பதிவு தவறினால் மறுநாள் காலை வாசலிலேயே திருத்தப்படும்.

மூன்றாவதாக, தோல் பதனிடும் பட்டறையில் சுண்ணாம்பு தெறித்து இளம் வயதில் ஒரு கண்ணை இழந்த பெரியவர் ஒருவர். முகத்தைச் சரிபார்க்கக் கண்களைச் சிமிட்டச் சொல்கிறது செயலி. ஐந்து முறை முயன்றும் அவரை உயிருள்ள மனிதர் என்று அது ஏற்கவில்லை. அமிலவீச்சில் கண் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும் தொடுத்த வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொன்னது. அவ்வழக்கிலும் எழுந்த சிக்கல்களுள் ஒன்று இந்தக் கண் சிமிட்டல்தான். அதைப் படித்துவிட்டுத்தான் செயலியை வாங்கினீர்களா என்று கேட்க விரும்புகிறேன்.

ரீசார்ஜ் முடிந்து சேவை நின்ற எண்கள், வீடு மாறும்போது மகனோடு போய்விட்ட எண்கள், பகலிலும் சிக்னல் எட்டாத கீழ்த்தள அறைகள் ஆகியவற்றைப் பற்றித் தனித்தனியாக எழுதவேண்டியதில்லை. எங்கள் சந்தில் கணக்கு வைத்திருக்கும் 31 பெண்களில் எட்டுப் பேரால் மட்டுமே பிறர் உதவியின்றிச் செயலியில் பணம் கட்ட முடிந்தது. அந்த எட்டுப் பேரும் ஏற்கெனவே தம் கடையில் யுபிஐ பயன்படுத்திவந்தவர்கள் என்பதையும் குறிப்பிடவேண்டும். அவர்களுக்குச் செயலி பிடித்திருக்கிறது, அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் தரப்பில் நியாயமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வசூல்காரர்களின் கமிஷன் ஆண்டுதோறும் சங்கத்திற்குப் பெருஞ்செலவு என்பது உண்மை. 2009இல் வசூல்காரர் ஒருவர் ஒன்றரை மாத வசூலோடு ஊருக்குப் போய்விட்டதும், பாஸ்புக்கில் எழுதிய தொகை ஒன்றும் பேரேட்டில் ஏறிய தொகை ஒன்றுமாக இருந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அப்போது பாதிக்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. உடனுக்குடன் கணினியில் பதிவாகும் முறை அன்று இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஆனால் வசூல்காரரைக் கண்காணிக்க ஒரு கருவி வேண்டும் என்பதற்கும், வசூல்காரரே வேண்டாம் என்பதற்கும் இடையே உள்ள தொலைவை நீங்கள் ஒரே தாவலில் கடந்துவிட்டீர்கள்.

வீட்டு வாசலில் பணம் வாங்குவது பழங்கால வழக்கம் என்று அறிவிப்புக்கு விளக்கம் தந்தீர்கள். ஒரு காலத்தில் அதுதான் புதுமை. உடுப்பியில் தொடங்கிய சிண்டிகேட் வங்கி 1928இல் பிக்மி சேமிப்பைக் கொண்டுவந்து, நாளொன்றுக்கு இரண்டணாகூட வீட்டிலேயே வந்து வாங்கிக்கொண்டது. வங்கி வாசலை மிதிக்கக் கூசியவர்களிடம் வங்கியே நடந்து வந்தது. அந்தப் புதுமை இந்த அளவுக்கு வேரூன்றியதால்தான் நம் சங்கமே உண்டாயிற்று.

செயலியையும் ஆளையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பதற்குக் கென்யாவின் எம்-பெசாவைச் சான்றாகச் சொல்வேன். கைப்பேசி வழியே பணம் அனுப்பும் அந்தச் சேவை 2007 மார்ச்சில் தொடங்கியது. அதற்கு முன் 2005இல் அதைச் சோதித்துப் பார்த்தது ஒரு சிறுகடன் நிறுவனத்தோடு சேர்ந்து, கடன் தவணை கட்டுவதற்காக. கிட்டத்தட்ட உங்கள் திட்டமேதான். சோதனையில் கலந்துகொண்டவர்கள் தவணை கட்டுவதோடு நிற்காமல், ஒருவருக்கொருவர் பணம் அனுப்ப அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். நிறுவனம் அதைக் கவனித்துத் தன் திட்டத்தை மாற்றிக்கொண்டு, ஊரிலுள்ள வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள் என்று சொல்லி நாடு முழுவதும் தொடங்கியது. சோதனை ஓட்டம் என்பதன் பொருள் அது. நம் சோதனை ஓட்டத்தின் முடிவில் எங்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. முடிந்த மறுநாள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. எம்-பெசாவைத் தாங்கி நிற்பவர்களும் முகவர்கள்தாம்: தெருமுனைக் கடையில் அமர்ந்து ரொக்கத்தை வாங்கிக் கைப்பேசிக் கணக்கில் ஏற்றுபவர்கள், கணக்கிலிருந்து ரொக்கமாகத் தருபவர்கள்.

அவ்வளவு தொலைவு போகாமல், நாம் நாள்தோறும் ஏறும் புறநகர் ரயில் நிலையத்தையே பாருங்கள். பயணச்சீட்டுத் தரும் தானியங்கி இயந்திரங்களை வைத்த ரயில்வே, அவற்றின் பக்கத்தில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களை நிறுத்தியது. அவர்கள் ஊர் பெயரைக் கேட்டு, திரையைத் தொட்டு, சீட்டை எடுத்துக் கையில் தருகிறார்கள். அதற்குக் கமிஷன் பெறுகிறார்கள். தானாக இயங்கும் இயந்திரத்திற்கு ஓர் ஆள் எதற்கு என்று நானும் முதலில் நகைத்திருக்கிறேன். நான்காவது முறை நானே திரையைத் தொட்டேன். சீட்டுக் கொடுக்கும் ஜன்னல்களும் திறந்தே இருந்தன.

பாஸ்புக்கைப் பற்றித் தனியாக ஒரு சொல். கூட்டுறவு வங்கிகளில் போட்ட பணத்திற்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உண்டு. நம்முடையது போன்ற கடன் சங்கத்திற்கு அந்தக் காப்பீடு கிடையாது. உறுப்பினர் கையில் உள்ள சான்று அந்தப் பாஸ்புக் ஒன்றுதான். அதுவும், சீரமைப்பில் வீடு பெறுவதற்காக, 2000ஆம் ஆண்டு ஜனவரி 1க்கு முன்பிருந்தே இங்குக் குடியிருப்பதைக் காட்ட ஒவ்வொரு துண்டுத் தாளையும் பிளாஸ்டிக் உறையிட்டுக் காத்துவரும் ஊரில், இனிக் காகிதமே இல்லை என்று ஓர் அறிவிப்பை ஒட்டுகிறவர்கள் எந்த ஊரில் வசிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன். அடுத்த மாதம் முதல் தேதிக்கான அறிவிப்பை நிறுத்திவையுங்கள். செயலியும் வசூல்காரரும் குறைந்தது ஓராண்டு சேர்ந்தே இயங்கட்டும். அந்த ஓராண்டில் செயலிக் கோளாறால் தாமதமாகும் எந்தத் தவணைக்கும் அபராதம் விதிக்கக்கூடாது, சோதனை ஓட்டத்தில் வாங்கிய அபராதங்களைத் திருப்பித் தரவேண்டும், தவறாகக் கடிதம் அனுப்பப்பட்ட ஜாமீன்தாரர்களுக்கு மன்னிப்புக் கடிதம் போகவேண்டும். வசூல்காரர்கள் கையில், ரொக்கமானாலும் யுபிஐயானாலும் அந்த இடத்திலேயே பதிவுசெய்து சீட்டு அச்சிட்டுத் தரும் சிறு கருவியைக் கொடுங்கள். 2009இல் நடந்ததற்கும் அதுவே மருந்து. ஓர் உறுப்பினரைச் செயலியில் தானே கட்டும் அளவுக்குப் பழக்கிவிடும் வசூல்காரருக்கு அதற்கென ஒரு தொகை கொடுத்தால், உங்கள் கமிஷன் செலவு குறைவதும் அவர் கையாலேயே நடக்கும். இருப்புத் தொகையைக் குறுஞ்செய்தியில் காட்டுவதை உடனே நிறுத்துங்கள். விரும்பும் உறுப்பினர்களுக்கு, அவர்களே நேரில் வந்து கையெழுத்திட்டால் ஒழியப் பணம் எடுக்க முடியாது என்ற ஏற்பாட்டைச் செய்யுங்கள். அந்தப் பெண்மணியின் 15,000 ரூபாய் பற்றி, அவர் வீட்டில் வேறு தொல்லை வராத வகையில், இயக்குநர் குழு அவரைத் தனியே அழைத்துக் கேட்கவேண்டும். அழைப்பு அந்தக் கைப்பேசி எண்ணுக்குப் போகக்கூடாது. செயலி தமிழில் வரவேண்டும், கண் சிமிட்டலுக்கு மாற்று வேண்டும், பொத்தான் கைப்பேசிக்காரர்களுக்கு யுபிஐ 123பே வழியைத் திறக்கவேண்டும். அது 2022இல் தொடங்கப்பட்ட நாள் மார்ச் 8, மகளிர் நாள் என்பதைப் போகிறபோக்கில் நினைவூட்டுகிறேன். பாஸ்புக் தொடரவேண்டும், இதில் பேச்சுக்கு இடமில்லை.

மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டம், 1960இன் 72ஆம் பிரிவின்படி சங்கத்தின் இறுதி அதிகாரம் உறுப்பினர்களின் பொதுப்பேரவைக்கே உரியது. ஆகவே இம்மாற்றத்தைப் பொதுப்பேரவையின் முன் வைத்து வாக்கெடுக்கவேண்டும் என்றும் கேட்கிறேன். நீங்களே கூட்டாவிட்டால், 76ஆம் பிரிவின்படி ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால் ஒரு மாதத்திற்குள் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டியாக வேண்டும். அதற்கான கையெழுத்துத் தாள்கள் என் திண்ணையில் இருக்கின்றன. செயலி பிடித்திருக்கிறது என்று சொன்ன எட்டுப் பேரும் அதில் கையெழுத்திட்டுவிட்டார்கள்.

வரும் 28ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு என் பாஸ்புக்கில் பதிவு போடுவதற்காக அலுவலகத்திற்கு வருவேன். இம்மடலுக்கான பதிலை அன்று எழுத்தில், தமிழில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாநகராட்சிப் பள்ளித் தமிழாசிரியை,
சங்க உறுப்பினர், தாராவி, மும்பை.